ஏழு பத்தா, ஒன்பது பத்தா

ஒலிம்பியா எதையும் எளிதில் நம்பமாட்டாள். பால் புட்டியில் அச்சடித்திருக்கும் தேதியை நம்பாமல் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன் என்று பாதிரியார் சொன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். ஆனால் அவள் சுத்தமாக நம்பாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது மனிதர்கள் பிறந்த நேரம். இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நேப்பிள்ஸில் ஒரு வட்டார அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டரில், இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள்.

“பாதி ஊர் காலையில எட்டு மணிக்குப் பொறந்திருக்கு. மீதிப் பாதி மத்தியானம் பன்னெண்டுக்கு,” என்பாள். “பொம்பளைங்க எல்லாம் கோயில் மணியப் பாத்துப் பெத்த மாதிரி.”

காரணம் அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த செய்தியைப் பதிய அப்பன்தான் வருவான். அதுவும் நாலு நாள் கழித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் இனிப்பும் மதுவும் கொடுத்து முடித்துவிட்டு. எத்தனை மணிக்கு என்று குமாஸ்தா கேட்பார். பிள்ளை பிறந்தபோது காப்பிக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவன் என்ன சொல்வான்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்வான். குமாஸ்தா அதை அழகாக எழுதி முத்திரை குத்துவார். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பொய்யை நகலெடுத்துக் கொடுப்பதுதான் ஒலிம்பியாவின் உத்தியோகம்.

நகல் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜோசியத்துக்காக வருகிறவர்கள். எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது ஒரு பழக்கம். பிறந்தபோது சூரியன் எங்கே நின்றதோ, அதே இடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் அது திரும்பி வரும் நிமிஷத்துக்கு ஒரு ஜாதகம் போடுவார்கள். அந்த வருஷத்தின் தலையெழுத்து அதில் இருக்கும். அந்த நிமிஷத்தில் ஆள் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர் வானம்தான் கணக்கு. ஆகவே பொல்லாத கிரகம் பொல்லாத வீட்டில் வந்து நின்றால், கிரகத்தை நகர்த்த முடியாது, ஆளை நகர்த்தலாம். பிறந்தநாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்குப் போய், ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அவர்களைப் பார்த்தால் ஒலிம்பியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் புருஷன் சவேரியோ நாலாவது ஆளாக வந்து நிற்கும்வரை சிரித்தாள்.

சவேரியோ கம்பிவட ரயில் ஓட்டுகிறவன். இரும்புக் கம்பி இழுக்க, மேட்டுத் தெருவிலிருந்து கடைவீதிக்கு இறங்கும், கடைவீதியிலிருந்து மேட்டுத் தெருவுக்கு ஏறும் ரயில். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவன் வழி தவறியதில்லை. அந்தப் பாதையில் தவற வழியும் கிடையாது. இப்படிப்பட்ட மனுஷன் செப்டம்பரிலிருந்து வியாழன்தோறும் சாயங்காலம் சவரம் செய்துகொண்டு, கழுத்தில் வாசனை தெளித்துக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? நவம்பர் இருபத்தொன்றில் அவனுக்கு ஐம்பது முடிகிறது. ஐம்பதில் ஆண்பிள்ளைகளுக்கு என்ன கோளாறு வரும் என்று ஒலிம்பியாவுக்குத் தெரியாதா? விவாகரத்துக் காகிதங்களும் அவள் கவுண்டரைத் தாண்டித்தானே போகின்றன.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உருளைக்கிழங்கு போட்ட பாஸ்தாவைக் கரண்டியால் கிளறிக்கொண்டே அவன் சொன்னான்:

“ஓலி, உங்க ஆபீஸ்லருந்து என் பர்த் சர்டிபிகேட் ஒரு காப்பி வேணும். நேரம் போட்டது.”

பேரைப் பாதியில் வெட்டிக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவள் ஓலி, அவன் சவே.

“நேரம் எதுக்கு?”

“ப்ரொஃபஸர் கேட்டாரு.”

“எந்த ப்ரொஃபஸர்?”

“எத்தோரேன்னு ஒருத்தர். மியூசியத்துக்குப் பின்னாடி இருக்காரு. வருஷ ஜாதகம் போடுவாரு. அம்மா சொன்ன நேரத்தை வெச்சு ஒண்ணு போட்டுட்டாரு. ஆனா ரிஜிஸ்டர் நேரம்தான் கணக்காம்.”

“நீயுமா, சவே.”

“அம்பது முடிஞ்சு வர்ற வருஷம் சரியில்லையாம். பொறந்தநாளுக்கு இங்க இருக்கக் கூடாதாம்.”

“வேற எங்க இருக்கணுமாம்?”

“பொன்டா டெல்காடா.”

“அது எந்தத் தெரு?”

“தெரு இல்ல. தீவு. போர்ச்சுகலுக்கும் அந்தாண்ட, அட்லாண்டிக் நடுவுல.”

ஒலிம்பியா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான புதிதில் பக்கத்தில் இருக்கிற இஸ்கியா தீவுக்குக் கூட்டிப்போகச் சொன்னதற்கே படகு ஆடும் என்று பயந்தவன் இவன்.

“ரெண்டு பேருமா?”

“எனக்குத்தானே பொறந்தநாள்.”

“என்ன கிரகம் அப்படி உன்னைத் தொரத்துது?”

அவன் ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தான். “அது வேணாம் ஓலி. சொன்னா தப்பாப் போயிடும்.”

அவ்வளவுதான், ஒலிம்பியாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாள் அவன் குளிக்கப் போனபோது கோட்டுப் பையைத் துழாவினாள். நாலாக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. அதில் வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு வட்டம், உள்ளே பன்னிரண்டு கட்டம், புள்ளியும் கோடுமாகக் கிறுக்கல். வட்டம் விளங்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது நன்றாக விளங்கியது: *பொன்டா டெல்காடா. சுக்கிரன் ஐந்தில். காதல், இன்பம்.*

இன்பம் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி மஃபால்தாவிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. மஃபால்தாவுக்கு அடுத்தவர் வீட்டு நெருப்பில் குளிர்காய ரொம்பப் பிடிக்கும்.

“எங்க நாத்தனார் புருஷன்கூட போன வருஷம் கிரகத்துக்காக ரிமினி போனான்,” என்றாள் முத்திரையைத் துடைத்தபடி. “அந்தக் கிரகத்துக்கு இப்ப ஆறு மாசம்.”

ஒலிம்பியா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், பழைய பதிவேடுகள் அடுக்கியிருக்கும் அறையைத் திறந்து, சவேரியோ பிறந்த வருஷத்துப் புத்தகத்தை இறக்கினாள். அவன் பெயருக்கு நேராக, சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: காலை ஏழு மணி பத்து நிமிடம். செத்துப்போன மாமியாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏழு மணிப் பூசைக்கு மணியடித்து ஓய்ந்ததும் பிள்ளை அழுதான் என்று. அவள் உத்தியோகத்தில் முதல்முறையாகப் பதிவேடும் பெற்றவளும் ஒரே நேரத்தைச் சொல்கிறார்கள். இது ஒலிம்பியாவுக்குச் சந்தோஷமாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

அங்கேயே, ஏணிப்படியில் உட்கார்ந்தபடி, அந்த யோசனை வந்தது. நேரம் மாறினால் வானம் மாறும். வானம் மாறினால் ஊர் மாறவேண்டும். கிரகத்துக்காகப் போகிறவன் என்றால் தீவும் மாறிவிடும். தீவில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால் நேரம் எப்படி மாறினாலும் இவன் அந்தத் தீவுக்குத்தான் போவான். இதைவிடச் சுத்தமான சோதனை எந்தப் போலீசுக்காரனுக்கும் தோன்றியிருக்காது.

மேலே வந்து நகலை டைப் அடித்தாள். ஏழு வரவேண்டிய இடத்தில் ஒன்பது அடித்தாள். ஒன்பது மணி பத்து நிமிடம். முத்திரை, கையெழுத்து, தேதி. இருபத்தாறு வருஷம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாத கை அது.

நகலை வாங்கிப் பார்த்த சவேரியோ நெற்றியைச் சொறிந்தான். “ஒன்பதா? அம்மா ஏழு மணி பூசைன்னுதானே சொல்லுவா.”

“வலியில கெடந்தவளுக்கு எந்தப் பூசைன்னு தெரியுமா? ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதான் நான் தரமுடியும்.”

அந்த வியாழன் அவன் போய்த் திரும்பி வரும்வரை ஒலிம்பியா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒரே கவலைதான்: தீவு மாறுமா, மாறாதா. மாறாவிட்டால் இருபத்தொரு வருஷக் கல்யாணம் இந்தக் கதவோடு போச்சு. எட்டு மணிக்குச் சாவி திரும்பியது. உள்ளே வந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பயணம் ரத்து,” என்றான்.

“ரத்தா? ஏன்?”

“நேரம் மாறினதுல எல்லாம் மாறிடுச்சு. நான் பயந்தது தானா வெலகிடுச்சு. எங்கயும் போகவேணாம். பொறந்தநாளுக்கு நீ பாஸ்தா செய், ரெண்டு பேரும் சாப்பிடலாம்.”

அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டான். பாத்திரம் கழுவும்போது சீட்டியடித்தான். ஒலிம்பியாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. பொம்பளையும் இல்லை, தீவும் இல்லை. மஃபால்தாவின் வாயில் மண்.

இந்தச் சந்தோஷம் சரியாக மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள், குளிர்காலப் போர்வையை உதறும்போது, அவளுக்கு இப்படித் தோன்றியது: இரண்டு மாதமாகத் துடித்தவன் எப்படி ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டான்? போகவேண்டாம் என்று கிரகம் சொன்னதா, தீவில் இருக்கிறவள் சொன்னாளா? அந்தத் தீவுக்காரி கைகழுவியிருந்தால்? அல்லது அவளே இங்கே வருவதாக இருந்தால்? ஊர் மாறினால் ஒரு மாதிரி, மாறாவிட்டால் ஒரு மாதிரி என்று கணக்குப் போட்டவள், பயணமே இல்லாமல் போவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருத்தியைச் சந்தேகப்படாமல் இருப்பது அவளுக்கு அவ்வளவு சுலபமில்லை. ஒருத்தி இல்லவே இல்லாவிட்டாலும்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்ததும் மியூசியத்துக்குப் பின்னால் போய் விசாரித்து, நாலு மாடி ஏறி, மணியை அழுத்தினாள். கதவைத் திறப்பவள் எப்படியிருப்பாள், என்ன நிறத்தில் சாயம் பூசியிருப்பாள் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். திறந்தவர் எழுபது வயதுக் கிழவர். கம்பளிச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு சாம்பல் பூனை. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவராம்; சுவரெல்லாம் தேசப்படம்.

உட்காரச் சொல்லிவிட்டு அவர் காப்பி வைக்க எழுந்தார். ஒலிம்பியா அதற்குள் மேசையில் இரண்டாவது கோப்பை இருக்கிறதா, கொண்டையூசி கிடக்கிறதா என்று பார்த்தாள். குனிந்து நாற்காலிக்கு அடியிலும் பார்த்தாள்.

“நீங்க சவேரியோ வீட்டம்மாதானே,” என்றார் அவர் திரும்பாமலே.

“எப்படித் தெரியும்?”

“நாற்காலிக்குக் கீழ பாத்தீங்க. உங்களைப் பத்தி அவரு சொல்லியிருக்காரு.”

முகம் சுருங்கிப் போனாலும் ஒலிம்பியா விடவில்லை. “அவருக்கு என்னதான் சொன்னீங்க? பயந்தது விலகிடுச்சுங்கறாரு. எது விலகிச்சு?”

கிழவர் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு இழுத்தார்.

“வருஷ ஜாதகத்துல அத்தனை கிரகமும் பேசும் சின்யோரா. ஆனா எல்லாம் ஒரே சத்தத்துல பேசாது. பாருங்க, நாலு மூலை. உதயம், அஸ்தமனம், உச்சி, பாதாளம். இந்த மூலையில எது வந்து நிக்குதோ அது வருஷம் பூரா கத்தும். மத்ததெல்லாம் முணுமுணுக்கும். அதுவும் அம்பதுல மனுஷன் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், சின்ன சத்தமும் இடி மாதிரி கேக்கும். உங்க வீட்டுக்காரருக்கு, அவங்க அம்மா சொன்ன நேரத்துக்கு, இந்த ஊர்ல செவ்வாய் அஸ்தமன மூலையில நின்னுச்சு. ஏழாம் வீட்டு வாசல்ல.”

“ஏழாம் வீடுன்னா?”

“நீங்க.”

பூனை மேசையில் இறங்கித் தாளின்மேல் உட்கார்ந்தது. கிழவர் அதைத் தூக்கி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“வீட்டுக்காரி பக்கத்துலருந்து சந்தேகம், சண்டை, பிரிவு. கோர்ட்டுவரைக்கும் போகலாம். அதைக் கேட்டதும் மனுஷன் முகம் செத்துப்போச்சு. சுக்கிரன் அஞ்சுல வருது, தீவுல சந்தோஷமா இருப்பீங்கன்னு எழுதிக்கூடக் குடுத்தேன். அதைக் காதுலயே வாங்கல. வியாழன் தவறாம, கோயிலுக்கு வர்ற மாதிரி வாசனையெல்லாம் போட்டுக்கிட்டு வந்து, ஏழாம் வீட்டைக் காலி பண்ண முடியுமா ப்ரொஃபஸர்னு அது ஒண்ணுதான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. தீவுக்குப் போனா செவ்வாய் ஒன்பதாம் வீட்டுக்கு ஏறிடும்னேன். சரின்னாரு.”

“இப்ப?”

“இப்ப நீங்க குடுத்த நேரத்துக்குச் செவ்வாய் ஆறாம் வீட்டுல எறங்கி உக்காந்திருக்கு. அது உடம்பு வீடு. விபத்து, ஆபரேஷன். கெழக்கால ஜார்ஜியா பக்கம் போங்க, சரியாயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சிரிக்கறாரு. என் உடம்புதானே, நான் பாத்துக்கறேன், ஓலி பக்கம் சுத்தமாயிடுச்சுல்ல, அது போதும்ங்கறாரு.”

ஒலிம்பியா காப்பியைக் குடிக்காமலே எழுந்தாள். நாலு மாடி இறங்குவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். அவளுக்குக் கிரகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பாதவளுக்கும் இது விளங்கியது: செவ்வாய் இருபத்தொன்றாம் தேதிவரை காத்திருக்கவில்லை. ஏற்கெனவே அவள் வீட்டுக்குள் வந்து, கோட்டுப் பையைத் துழாவி, அலுவலகத்தில் உட்கார்ந்து டைப்பும் அடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சண்டை வரும். சொல்லாமல் விட்டால் அவன் எதற்குப் பயந்தானோ அதற்கு நேர் கீழே, இந்த ஊரிலேயே, அவள் சமைத்த பாஸ்தாவைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் பொய்யை நம்பி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கம்பிவட ரயிலில் ஏறினாள். வண்டியில் ஏழெட்டுப் பேர்தான். முன்னால், ஓட்டுநர் அறைக்கு ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தாள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று தலைக்குமேல் பலகை. வண்டி இறங்க ஆரம்பித்ததும் பேசினாள்.

“சவே, உன் நேரம் ஒன்பது பத்து இல்ல. ஏழு பத்து.”

“யாரு சொன்னா?”

“ரிஜிஸ்டர். நான்தான் மாத்தி அடிச்சேன்.”

வண்டி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏன்?”

“தீவுல எவளாவது இருக்காளான்னு பாக்க.”

பாதிவழியில் எதிர்வண்டி ஏறி வந்தது. அதை ஓட்டுகிறவன் வழக்கம்போலக் கையைத் தூக்கினான். இருபத்து மூன்று வருஷமாகத் தினமும் நாற்பது தடவை பதிலுக்குக் கையைத் தூக்கும் சவேரியோ அன்று தூக்கவில்லை. கீழ் நிலையத்தில் கதவுகள் திறந்தன. ஜனங்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தான். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்:

“செவ்வாயைக் கெளப்ப ஒரு தீவு இருக்கு, ஓலி. உன்னைக் கெளப்ப நான் எந்த ஊருக்குப் போவேன்?”

அவள் எழுந்து அறைக்கதவுப் பக்கம் வந்தாள்.

“எறங்கு. அடுத்த டிரிப் ஏறணும்.”

ஒலிம்பியா சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்று கடைவீதியில், பலகாரக்கடை வாசலில், ஜனங்கள் இடித்துக்கொண்டு போக, நின்று அழுதாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. வைத்ததைச் சாப்பிட்டான், தன் தட்டைத் தானே கழுவினான். திங்கட்கிழமை அவள் ஏழு மணி போட்ட சரியான நகலை மேசையில் வைத்தாள். பொய் நகலை அவன் கண்ணெதிரே கிழித்தாள். அவன் சரியான நகலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். செவ்வாய்க்கிழமை பரணிலிருந்து பெட்டி இறங்கியது. ஒரேயடியாகத்தான் போகிறான் என்றே ஒலிம்பியா நினைத்தாள். ஆனால் உப்பு ஜாடிக்கு அடியில், அவள் பார்க்கட்டும் என்றே வைத்தமாதிரி, டிக்கெட் இருந்தது. ஓர் ஆள். போவது புதன்கிழமை, திரும்புவது சனிக்கிழமை. பொன்டா டெல்காடா.

கிளம்பும்போது வாசலில் நின்று கைகளை விரித்தான்.

“கோட்டுப் பையைப் பாக்கணும்னா இப்பவே பாத்துக்க.”

“வேணாம்.”

“பாரு. பின்னால மனசு கேக்காது.”

“வேணாம்னு சொல்றேன்ல.”

அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவள் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறந்தநாள் அன்று ராத்திரி, சூரியன் திரும்பி வரும் நிமிஷம் எட்டு நாற்பது என்று அவனுடைய தாளில் படித்திருந்தாள். நம்பிக்கை இல்லாதவள்தான், இருந்தாலும் எட்டரைக்கே கண்ணேறு படாமலிருக்கக் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பவளக்கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பதுவரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கவுண்டரில் இருக்கும்போது போன் அடித்தது. சவேரியோ படம் அனுப்பியிருந்தான். கடற்கரைச் சுவர், காற்றில் கலைந்த முடி, பின்னால் சாம்பல் நிறக் கடல். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் பெரிய அன்னாசிப்பழம் ஒன்றை, தாதி பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி, முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தான்: “இங்க வெளையறது. உனக்கு. செவ்வாய் ஒன்பதுக்குப் போயிட்டாரு.”

“பழம் பெருசா இருக்கே,” என்றாள் எட்டிப் பார்த்த மஃபால்தா.

“ஆமா,” என்றாள் ஒலிம்பியா. அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பழத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள். ஒரு கை பழத்துக்கு அடியில். இன்னொரு கை பழத்துக்கு மேலே.

விரல் தானாகத் தட்டியது: “போட்டோ யாரு எடுத்தா?”

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. வரிசையில் முதலில் நின்ற ஆள் இருமினார். ஒலிம்பியா கேள்விக்குறியை அழித்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து முன்னால், அத்தனையையும் அழித்தாள். “பழம் அடிபடாம கொண்டு வா” என்று எழுதி அனுப்பினாள்.

போனை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, “அடுத்தவங்க வாங்க,” என்றாள்.